மொய்: திருமண அன்பளிப்பின் வட்டார வரலாறு

தமிழகத்தில் திருமணத்துக்குப் போகிறவர்கள் மணவீட்டாருக்குக் கொடுக்கும் பணமும் பொருளும் பொதுவாக மொய் எனப்படும். மதுரைக்கு மேற்கே செய்முறை என்றும், திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் சுருள் என்றும், பிராமணர் வீடுகளில் ஓதியிடுதல் என்றும் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. பெயரைப் போலவே தொகையும் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒரே வருமானமும் ஒரே அளவு உறவு நெருக்கமும் உள்ள இருவரில் ஒருவர் உசிலம்பட்டியிலும் மற்றவர் கோயம்புத்தூரிலும் இருந்தால், ஒரு கல்யாணத்துக்கு அவர்கள் எழுதும் தொகை ஒன்றாக இருப்பதில்லை.

இந்த வேறுபாட்டை வசதியை மட்டும் வைத்து விளக்க முடியாது. மழையை நம்பிய வறண்ட வட்டாரங்களில் மொய் பெரிதாகவும், தொழிலும் வணிகமும் செழித்த வட்டாரங்களில் சிறிதாகவும் இருக்கிறது. மொய்யைத் திருப்பித் தரவேண்டிய வரவாக எழுதி வைத்த ஊர்களில் தொகை தலைமுறைதோறும் ஏறியது. ஆசிக்கும் உறவுக்கும் அடையாளமாக மட்டும் வைத்த ஊர்களில் அது சிறியதாகவே நின்றது. சில வீடுகளில் வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கும் வந்தது.

பணத்துக்கு முந்தைய மொய்

வேளாண் குடும்பம் ஒன்றுக்குக் கல்யாணம் என்பது பல ஆண்டுச் சேமிப்பைச் சில நாளில் கரைக்கும் செலவு. பந்தல், சாப்பாடு, துணிமணி, மேளம், தாலிக்குப் பொன் என்று அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இந்தச் சுமையை உறவும் ஊரும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடாகவே மொய் தொடங்கியது. கையில் காசு புழங்காத காலத்தில் நெல், அரிசி, பருப்பு, தேங்காய், வாழைத்தார், இலைக்கட்டு, பூசணி, விறகு, ஆட்டுக்கிடாய் என்று விளைந்ததும் வளர்த்ததும் மணவீட்டுக்கு வந்து சேர்ந்தன. பொருள் இல்லாதவர்கள் உழைப்பைத் தந்தார்கள். பந்தல் போடுவது, நெல் குத்துவது, தண்ணீர் சுமப்பது, பந்தி பரிமாறுவது எல்லாம் அடுத்த வீட்டு விசேஷத்தில் திரும்ப வரும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட வேலைகள்.

பொருள்மொய்யில் நீண்ட நாள் நிலைத்தவை பாத்திரங்கள். பித்தளைக் குடம், தாம்பாளம், குத்துவிளக்கு, அண்டா ஆகியவற்றை வாங்குகிறவர்கள் பாத்திரக் கடையிலேயே பெயர் வெட்டித் தரச் சொல்வார்கள். சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தப்பட்ட அந்த எழுத்துகளில் கொடுத்தவர் பெயர், ஊர், மணமக்கள் பெயர், சில வேளை தேதியும் இருக்கும். பின்னர் எவர்சில்வர் வந்தபோதும் பெயர் வெட்டும் வழக்கம் விடவில்லை. சிற்றுளியின் இடத்தில் மின்சாரக் கருவி வந்ததுதான் மாற்றம். யார் என்ன செய்தார்கள் என்பதற்குப் பாத்திரமே சாட்சியாக இருந்தது.

பருத்தி, நிலக்கடலை போன்ற பணப்பயிர்கள் பரவியதும், பர்மா, மலேயா, இலங்கைக்குப் போனவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பியதும் கிராமங்களில் ரொக்கத்தைப் புழங்க வைத்தன. மொய்யும் மெல்ல ரொக்கமாக மாறியது. 1957இல் தசம நாணய முறை வருவதற்கு முன்பு கால் ரூபாய், அரை ரூபாய், ஒன்றேகால் ரூபாய் என்று எழுதிய பக்கங்களை மிகப் பழைய மொய் நோட்டுகளில் காணலாம். தானியத்தை அளந்து நினைவில் வைத்த கணக்கு, ரொக்கம் வந்ததும் நோட்டில் ஏறியது. மொய் வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம்.

சீரும் மொய்யும் வெவ்வேறு என்பதையும் சொல்ல வேண்டும். சீர் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து வருவது. அண்ணனும் தம்பியும் தங்கைக்கும் அக்காவுக்கும் செய்வதும், பிறகு அவள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன்களாக நின்று செய்வதும் அதில் அடங்கும். அதற்கு உரிமையும் கட்டாயமும் உண்டு. பதிலுக்கு அதே அளவு வராது. மொய் பங்காளி, சம்பந்தி, ஊர்க்காரர், நண்பர் என்று எல்லாரிடமிருந்தும் வருவது. அது போன வழியே திரும்ப வரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தொகையில் வட்டார வேறுபாடு கூர்மையாகத் தெரிவது இந்த இரண்டாவது வகையில்தான்.

மொய் நோட்டு

மொய் எழுதும் இடம் பெரும்பாலும் மண்டபத்தின் வாசலையோ பந்திக்குப் போகும் வழியையோ ஒட்டி இருக்கும். ஒரு மேசை, அதன்மேல் மஞ்சள் குங்குமம் வைத்த தாம்பாளம், வெற்றிலைப் பாக்கு, நீளவாட்டு நோட்டு ஒன்று. ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார், அடுத்தவர் எழுதுவார், சில ஊர்களில் மூன்றாமவர் ஒலிபெருக்கியில் வாசிப்பார். நம்பிக்கையான பங்காளியோ, எழுத்து அழகாக உள்ள பள்ளிக்கூட வாத்தியாரோ எழுத உட்காருவது வழக்கம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, தாய்மாமன் மொய்யோடு தொடங்குவது பல ஊர்களின் முறை.

ஒவ்வொரு வரியிலும் ஊர், தெரு, தகப்பனார் பெயரின் முதலெழுத்து, பெயர், தேவைப்பட்டால் தொழில், கடைசியில் தொகை. ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பதால் பட்டப்பெயரும் சேரும். பெண்வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் தனித்தனி நோட்டு இருக்கும். யாருக்கு வேண்டியவரோ அவருடைய நோட்டில் எழுதுவார். விசேஷம் முடிந்த இரவில் நோட்டில் உள்ள கூட்டுத் தொகையும் பையில் உள்ள பணமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே வீட்டாருக்குத் தூக்கம் வரும்.

அந்த நோட்டு பிறகு பீரோவில் நகையோடும் பத்திரத்தோடும் வைக்கப்படும். ஒரு அழைப்பிதழ் வந்தால் முதலில் எடுப்பது அதைத்தான். அழைத்தவர் நம் வீட்டில் என்ன எழுதினார், எந்த ஆண்டு எழுதினார், அதற்குப் பிறகு நாம் ஏதும் செய்திருக்கிறோமா என்று பார்த்த பின்னரே தொகை முடிவாகும். தகப்பன் இறந்தால் மகன்கள் சொத்தைப் பிரிப்பதோடு, மொய்யில் யார் யாருக்குத் திருப்பிச் செய்வது என்பதையும் பிரித்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு.

வட்டிக்கடனுக்கும் மொய்க்கும் இடையே ஒரு நுணுக்கமான வேறுபாடு இருக்கிறது. மொய்க்கு வட்டி கிடையாது, தவணை கிடையாது, கேட்டு வாங்கவும் முடியாது. கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போதுதான் திருப்ப வேண்டும். ஆனால் பணத்தின் மதிப்பு குறைந்துகொண்டே வருகிறது. 2000ஆம் ஆண்டில் 501 ரூபாய் மொய் எழுதியவர் அந்தப் பணத்தில் அன்று ஒரு கிராம் தங்கம் வாங்கியிருக்கலாம். 2020இல் ஒரு கிராம் 4,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. இருபது ஆண்டு கழித்து அதே 501 ரூபாயைத் திருப்பினால் கணக்கு சரியாகத் தோன்றும், ஆனால் கொடுத்தவருக்கு நட்டம். ஆகவே வாங்கியதற்கு மேல் கூட்டி எழுதுவது மரியாதையானது. அந்தக் கூடுதலே புதிய கடனாகி, உறவு அறுபடாமல் தொடரவும் வழி செய்கிறது. வாங்கிய தொகையை மட்டும் அப்படியே திருப்பினால், இத்தோடு போதும் என்று சொல்லாமல் சொல்வதாகப் பல ஊர்களில் எடுத்துக்கொள்வார்கள்.

மதுரைக்கு மேற்கே: செய்முறை

மொய்த் தொகை மிக உயர்ந்து நிற்கும் வட்டாரங்களில் ஒன்று உசிலம்பட்டியும் அதை ஒட்டிய தேனி மாவட்டப் பகுதிகளும். பிரான்ஸ் நாட்டு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949-50இல் இப்பகுதியில் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கிக் களப்பணி செய்தார். 1957இல் வெளிவந்த அவருடைய நூல், திருமணத்தால் உண்டாகும் உறவுகளுக்கு இடையே பரிசுகள் எவ்வாறு தலைமுறை தாண்டி நகர்கின்றன என்பதை விரிவாக எழுதியது. தங்கை கல்யாணத்தில் தொடங்கும் அண்ணனின் கடமை அவளுடைய பிள்ளைகளின் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் வரை நீள்வதை அது காட்டியது.

அந்தக் கடமையின் அளவு இன்றும் பெரிது. தாய்மாமன் வருகை மேளதாளத்தோடு, தட்டுத் தட்டாகச் சீர்வரிசையோடு, மாலை போட்ட ஆட்டுக்கிடாயோடு ஊர்வலமாக நடக்கும். அடுத்து மற்ற உறவினர்களின் செய்முறை. இவை ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுவதால் மண்டபத்தில் உள்ள அத்தனை பேருக்கும் தொகை தெரிந்துவிடும். உறையில் போட்டு நீட்டும் பணத்தைப் போல இதைக் குறைத்துக் கொடுத்துவிட்டு நழுவ முடியாது. உரக்க வாசிக்கும் வழக்கம் உள்ள ஊர்களில் தொகை ஏறியதற்கு இது ஒரு நேரடிக் காரணம்.

கொடுத்த பணம் திரும்ப வரவேண்டுமானால் வீட்டில் ஒரு விசேஷம் வேண்டும். அதனால் காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா எல்லாம் செய்முறை வாங்கும் தருணங்களாயின. கல்யாண வயதில் பிள்ளை இல்லாத வீடுகளும், பிள்ளையே இல்லாத வீடுகளும் வசந்த விழா என்ற பெயரில் அழைப்பிதழ் அடித்து விருந்து வைக்கத் தொடங்கின. அந்த விழாவுக்குச் சடங்கு எதுவும் தேவையில்லை. இத்தனை ஆண்டு ஊருக்குச் செய்ததைத் திரும்பப் பெறுவதே அதன் நோக்கம் என்பது வருகிறவர்களுக்கும் தெரியும்.

முகூர்த்தங்கள் நிறைந்த மாதங்கள் இங்குள்ள குடும்பங்களுக்குச் சோதனை. ஒரே வாரத்தில் நாலைந்து அழைப்பிதழ் வந்தால் நகையை அடகு வைத்துச் செய்முறை செய்வதும் நடக்கும். பெரிய கூட்டம் வரும் விழாக்களில் நோட்டுக்குப் பதில் கணினியில் மொய் பதிந்து, கொடுத்தவருக்கு ரசீது அச்சிட்டுத் தரும் தொழிலும் இந்த வட்டாரத்தில் உருவானது.

புதுக்கோட்டை, பேராவூரணி: மொய் விருந்து

சடங்கை முற்றிலும் விட்டுவிட்டு மொய்யை மட்டும் வைத்துக்கொண்ட வட்டாரம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும் அதை ஒட்டிய தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பகுதியும். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம், நெடுவாசல், பேராவூரணி முதலிய ஊர்களில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்துகள் வரிசையாக நடக்கும். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் மண்டபங்கள் காலியாக இருக்கும்; சமையற்காரரும் கிடைப்பார்; ஊராருக்கும் வேறு விசேஷம் இருக்காது.

செலவைக் குறைக்கப் பலர் சேர்ந்து ஒரே நாளில் ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். ஆட்டுக்கறிச் சாப்பாட்டின் செலவு எல்லாருக்கும் பொது. மொய் மேசை மட்டும் தனித்தனி. ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் விருந்து வைப்பவரின் பெயர்ப்பலகை தொங்கும். வருகிறவர் சாப்பிட்டுவிட்டு, தனக்குக் கணக்கு உள்ள மேசைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய் எழுதிவிட்டு வருவார். தொகை பெரிதாக உள்ள இடங்களில் பணம் எண்ணும் இயந்திரமும் இருக்கும்.

இங்கே கணக்கில் பழைய நடை, புது நடை என்ற பிரிவு உண்டு. ஒருவர் முன்பு 5,000 ரூபாய் செய்திருந்தால், அவருக்கு 10,000 ரூபாய் திருப்பும்போது முதல் 5,000 பழைய நடையைத் தீர்க்கிறது. அடுத்த 5,000 புது நடையாக நிற்கிறது. ஒரு குடும்பம் சுமார் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை விருந்து வைக்கலாம் என்பது ஊர் வழக்கம். இடைப்பட்ட ஆண்டுகளில் மற்றவர் விருந்துகளில் சிறிது சிறிதாகப் போட்ட பணம் ஒரே நாளில் மொத்தமாகக் கைக்கு வரும். கிணறு வெட்டவும், ஆழ்துளைக் குழாய் இறக்கவும், நிலம் வாங்கவும், மகளைப் படிக்க வைக்கவும், வெளிநாட்டு வேலைக்குப் போகவும் அந்தப் பணம் உதவியது. வங்கிக் கடனுக்குப் பிணை காட்ட முடியாதவர்களுக்கு இது வட்டியில்லா முதல்.

தென்னையும் பலாவும் கடைவீதி வணிகமும் பெருகப் பெருகத் தொகையும் ஏறியது. 2019இல் வடகாட்டில் நடந்த ஒரு விருந்தில் தனி ஒருவருக்கு 4 கோடி ரூபாய் மொய் வந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் ஏறுமுகமாகவே போகும் என்று நம்பிய கணக்குக்கு அடிகளும் விழுந்தன. 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இந்த வட்டாரத்தின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2020இல் கொரோனா கூட்டங்களை நிறுத்தியது. வருமானம் விழுந்த ஆண்டில் விருந்து வைத்தவருக்குப் போட்டது வரவில்லை. அந்த ஆண்டு வாங்க வேண்டியவர் அடுத்த ஆண்டு கொடுக்கவும் முடியவில்லை. எல்லாரும் எல்லாருக்கும் கடன்பட்டிருக்கும் ஏற்பாட்டின் பலவீனம் அப்போது தெரிந்தது.

மொய் விருந்தைத் தமிழகம் முழுக்கத் தெரிய வைத்தது சினிமா. 1992இல் வந்த சின்னக் கவுண்டர் படத்தில் கடனில் சிக்கிய கதாநாயகி ஊருக்கு விருந்து வைக்கிறாள். சாப்பிட்டவர்கள் இலைக்கடியில் பணம் வைத்துவிட்டு எழுகிறார்கள். அது கொங்குக் கதை. கஷ்டப்பட்டவரைக் கைதூக்கிவிடும் அந்த விருந்தில் தொகையை யாரும் அறிவிப்பதில்லை. நோட்டும் ஒலிபெருக்கியும் வைத்து நடக்கும் கீரமங்கலத்து விருந்து வேறு நோக்கம் கொண்டது.

வட மாவட்டங்கள்

விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, வேலூர்ப் பகுதிகளிலும் மொய் எழுதப்படுகிறது, நோட்டும் உண்டு. ஆனால் இங்கே தொகை வீட்டுக்கு வீடு, தொழிலுக்குத் தொழில் மாறும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து இப்பகுதிக் கிராமங்களில் நீண்டகாலம் ஆய்வு செய்த இசபெல் கெரான் போன்றோர், கூலி வேலை செய்யும் குடும்பங்களின் கடன்களில் சடங்குச் செலவும் சடங்கு அன்பளிப்பும் பெரும் பங்கு வகிப்பதைக் கவனித்திருக்கிறார்கள். இந்தக் குடும்பங்களுக்கு மொய் என்பது செலவு மட்டுமல்ல. வங்கியில் போடாத சேமிப்பும் அதுவே. மகள் கல்யாணத்தன்று கைக்கு வரப்போகும் பணத்தை நம்பி முன்கூட்டியே கடன் வாங்கிச் செலவு செய்வதும், மண்டபத்திலிருந்து வீடு திரும்புமுன்பே சமையல், பந்தல் பாக்கியை மொய்ப் பணத்தில் தீர்ப்பதும் சாதாரணம்.

செட்டிநாடு, கொங்கு, தெற்கு

வட்டித் தொழிலையே பர்மா, மலேயா வரை கொண்டுபோன நகரத்தார் சமூகத்தில் மொய் பெயரளவுக்கே இருக்கிறது. பங்காளிகள் எழுதும் மொய்ப்பணம் மிகச் சிறிய தொகை. வந்தவர் யார், எந்தக் கோயில் பங்காளி என்ற பதிவே அங்கு முக்கியம். திருமணத்தில் செல்வம் கைமாறுவது வேறு வழிகளில்: பிறந்த வீட்டிலிருந்து வரும் சாமான்களும் நகைகளும், தாய்வீட்டுத் தரப்பு எடுத்துவரும் வேவு எனப்படும் சீரும் பெரியவை. திருமணத்தையே இசைபிடிமானம் என்னும் ஓலையில் எழுதி வைக்கும் சமூகம் இது. கணக்கு எழுதத் தெரியாததால் மொய் சிறிதாக இருக்கிறது என்று இவர்களைச் சொல்ல முடியாது. முதலீட்டுக்கு வேறு வழி இருந்ததால் விருந்தினர் பணத்தை அவர்கள் நம்ப வேண்டியிருக்கவில்லை.

கொங்கு வட்டாரத்தில் திருமணச் சடங்குகளின் கனம் சீரில் இருக்கிறது. அருமைக்காரர் நடத்தும் சடங்குகள், மாப்பிள்ளையின் சகோதரி முன்னிற்கும் இணைச்சீர் ஆகியவற்றில் யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது வகுக்கப்பட்டிருக்கிறது. பொது மொய் இங்கும் எழுதப்பட்டது. ஆனால் நூற்பாலை, பின்னலாடை, கோழிப்பண்ணை, நிதித்தொழில் ஆகியவற்றில் காசு புரளத் தொடங்கிய பிறகு, வசதியான வீடுகளின் அழைப்பிதழ்களில் மொய் தவிர்க்க வேண்டுகிறோம் என்ற வரி அச்சாகத் தொடங்கியது. வாங்காமல் இருப்பது கௌரவமானது. வாங்காதவருக்குத் திருப்பிச் செய்யும் சுமையும் இல்லை.

தென்கோடியில் சுருள் என்பது வெற்றிலையோடு வைத்துக் கொடுக்கும் பணம். நெருங்கிய உறவினர் மாப்பிள்ளைக்கோ மணமக்களுக்கோ நேரில் கொடுப்பது இதன் பழைய வடிவம். மேசையில் எழுதும் மொய்யைவிடக் கொடுப்பவர் வட்டம் சிறியது. அதனால் தொகையை முடிவு செய்வது உறவின் நெருக்கமே. பிராமணர் திருமணங்களில் ஓதியிடும்போது புரோகிதர் கொடுப்பவரின் பெயரையும் உறவையும் கொடுப்பதையும் சொல்லி ஆசி கூறுகிறார். உரக்கச் சொல்லும் வழக்கம் இங்கும் உண்டு என்றாலும், அது வேத ஆசீர்வாதத்தின் பகுதி. ஒலிபெருக்கி மேசையின் போட்டி அதில் இல்லை.

சென்னையும் பெருநகரங்களும்

பெருநகரத்தில் மொய் மாலை வரவேற்புக்கு மாறியது. மேடைக்கு வரிசையாக ஏறி, மணமக்களிடம் உறையைக் கொடுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு இறங்குவது நகரத்து முறை. உறை மூடியிருப்பதால் தொகை வெளியே தெரியாது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஊரில் ஆயுள் முழுக்க இருப்பார்கள் என்ற உறுதியும் இல்லை. வேலை மாறினால் பழக்கமும் விட்டுப்போகும். திரும்பும் என்ற நம்பிக்கை குறைந்த இடத்தில் தொகையும் மிதமாகிறது. அலுவலகத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து ஒரே பரிசாக வாங்கித் தருவது இந்தச் சூழலுக்குப் பொருந்தியது. சுவர்க்கடிகாரம், டின்னர் செட், மிக்ஸி என்று பொருளாகத் தருவதும் நகரத்தில் நெடுநாள் இருந்தது. அதில் தொகையைத் துல்லியமாகக் கணக்கிட முடியாது என்பதே அதன் வசதி.

அண்டை மாநிலங்கள்

தெலுங்கு நாட்டில் சதிவிம்புலு என்ற பெயரில் விருந்தினரின் பரிசுகள் பந்தலில் வாசிக்கப்பட்டன. கர்நாடகத்தில் முய்யி எனப்படும் வழக்கம் திருப்பிச் செய்வதையே மையமாகக் கொண்டது. மொய் விருந்துக்கு மிக நெருங்கியது வட மலபாரின் பணப்பயற்று. வடகரை, நாதாபுரம், குற்றியாடி முதலிய இடங்களில் பணம் தேவைப்படுகிறவர் நாள் குறித்து அழைத்து, தேநீரும் பலகாரமும் தருவார். வருகிறவர்கள் பணம் கொடுத்துப் பெயர் எழுதுவார்கள். தமக்குத் தேவை வரும்போது அதைக் கூடுதலாக, பெரும்பாலும் இரட்டிப்பாகத் திரும்பப் பெறுவார்கள். கறிவிருந்து இல்லாததால் செலவு சிறிது. அண்டை மாநிலங்களுக்கு அப்பால், பஞ்சாபின் வர்த்தன் பாஞ்சி என்னும் அன்பளிப்பு முறையை, பாகிஸ்தான் பஞ்சாபில் ஒரு கிராமத்தை ஆய்ந்த செக்கியே எக்லர் 1960இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். அங்கும் வாங்கியதற்கு மேல் கூட்டித் திருப்புவதே உறவைத் தொடரச் செய்கிறது.

ஒரு ரூபாயும் சட்டமும்

தொகை எங்கே எவ்வளவாக இருந்தாலும் 51, 101, 501, 1,001 என்று ஒன்றில் முடிவது தமிழகம் முழுக்கப் பரவலான வழக்கம். பூஜ்யத்தில் முடிந்தால் உறவும் அதோடு முடியும், ஒன்றைச் சேர்த்தால் தொடரும் என்பது நம்பிக்கை. ஒரு ரூபாய் நாணயம் ஒட்டப்பட்ட மொய் உறைகள் எழுதுபொருள் கடைகளில் கட்டுக் கட்டாக விற்கின்றன.

சட்டத்தின் பார்வையில் மொய் நோட்டு புரோநோட்டு அல்ல. திருப்பிச் செய்யாதவர்மீது வழக்குப் போட்டு வாங்க முடியாது. ஊரில் பேச்சு வாங்குவதே தண்டனை. மறுபுறம் அரசும் எழுத்தை வலியுறுத்தியது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகள், மணமகனுக்கும் மணமகளுக்கும் வரும் பரிசுகளைப் பட்டியலிட்டு வைக்கச் சொல்கின்றன. 1958ஆம் ஆண்டு அன்பளிப்பு வரிச் சட்டம் 1998 அக்டோபரில் செயலிழந்தது. 2004 முதல் அன்பளிப்பு, வாங்குபவரின் வருமானமாகக் கணக்கிடப்பட்டது. ஓர் ஆண்டில் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் வரி உண்டு. மணமக்களுக்கு அவர்கள் திருமணத்தின்போது வரும் அன்பளிப்புக்கு விலக்கு உண்டு. திருமணமே இல்லாத மொய் விருந்துக்கும் வசந்த விழாவுக்கும் அந்த விலக்கு பொருந்தாது.

2016 நோட்டுத் தடையின்போது கல்யாண வீட்டார் வங்கியிலிருந்து 2.5 லட்சம் ரூபாய் வரை எடுக்க அரசு தனி அனுமதி தர வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று விதி வந்தபோது, வராதவர்களின் மொய் கைபேசி வழியாக வந்தது. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு திருமண அழைப்பிதழிலேயே கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டது செய்தியானது. கைபேசி வழியே வரும் பணத்துக்குத் தானாகவே பதிவு இருப்பதால், நோட்டு வைத்த ஊர்களுக்கு அது எளிதில் ஒத்துப்போனது.

தொகையை முடிவு செய்பவை

மூன்று காரணங்கள் தொகையை உயர்த்துகின்றன. முதலாவது, வங்கியும் வணிக முதலும் எட்டாத இடத்தில் மொத்தப் பணத்துக்கு இருக்கும் தேவை. இரண்டாவது, சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பெண் கொடுத்து எடுப்பதால் கொடுத்தவரும் வாங்கியவரும் கண்முன்னே இருப்பார்கள் என்ற உறுதி. மூன்றாவது, எழுதி வைப்பதும் உரக்க வாசிப்பதும். மூன்றும் சேர்ந்த உசிலம்பட்டியிலும் பேராவூரணியிலும் மொய் ஒரு நிதி ஏற்பாடாக வளர்ந்தது. வேறு முதல் கிடைத்த செட்டிநாட்டிலும் கொங்கிலும், உறவு சிதறி உறை மூடிய சென்னையிலும் அது அடையாளமாகச் சுருங்கியது.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் எழுதிய பரிசு பற்றிய கட்டுரை, கொடுப்பது, வாங்குவது, திருப்புவது ஆகிய மூன்றும் கடமைகள் என்று வகுத்தது. தமிழகத்தின் பெரும்பாலான வட்டாரங்களில் முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. மூன்றாவதை எவ்வளவு கண்டிப்பாகப் பிடிக்கிறார்கள் என்பதில்தான் ஊருக்கு ஊர் தொகை மாறுகிறது.